கேலிக்கு விதைத்த சோளம்

எங்கள் ஊரில் பசிக்கு விதைத்தவன் உண்டு, மாமனாரிடம் பெருமை காட்ட விதைத்தவன் உண்டு. ஒரு பெண்பிள்ளையின் வாயை அடைப்பதற்காகச் சோளம் விதைத்தவன் லாமூசா ஒருத்தன்தான். அந்தச் சோளமாவது கருகித் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஊர்க்கண் படுகிற மாதிரி வளர்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பெண்பிள்ளை பெயர் தோயே. விவசாய இலாகாவில் வேலை, மோட்டார் சைக்கிளில் வருவாள், வயது முப்பத்துநாலு. அவள் ஸாமோ இனத்துக்காரி, நாங்கள் மோசி இனம். மோசிக்கும் ஸாமோவுக்கும் கேலிமுறை. எதிரே கண்டால் ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட வேண்டும். நாங்கள் அவளை நாய்த்தலை தின்னி என்போம், அவள் எங்களைக் கழுதை தின்னி என்பாள். கோபப்பட்டால், கோபப்பட்டவனுக்குத்தான் அசிங்கம். எங்கள் சாவு வீட்டுக்குக்கூட ஸாமோக்காரன் ஒருத்தன் வந்து, வெட்டி வைத்த குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வான். கோழி கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்பான். அழுதுகொண்டிருக்கிற ஜனம் சிரித்துவிடும், கோழியும் கொடுத்துவிடும். படுத்தவன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

இப்படிப்பட்ட முறைக்காரியைத்தான் எங்களுக்குப் பயிர் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அனுப்பிய புத்திசாலி யார் என்று தெரியவில்லை.

அவள் வந்த காரணம், அதற்கு முந்திய வருஷம் எங்களுக்கு நேர்ந்த கேடு. சோளம் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. கதிர் விரிந்து நின்றது. அறுத்து உதறினால் உள்ளே மணி இல்லை. ஊர் முழுக்க அப்படி. சூனியம் என்றார்கள் சிலர். தோயே ஒரு கதிரை எடுத்துப் பிரித்து, பதரின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் தோலைக் காட்டினாள். கதிர் ஈ என்றாள். பூக்கிற நேரத்தில் பூவுக்குள் முட்டையிடும், புழு பிஞ்சை உறிஞ்சிவிடும், மணி கட்டாது. அந்த வருஷம் நாங்கள் தின்ற களியைவிடக் காட்டு இலை அதிகம்.

அப்புறம்தான் வயல் பள்ளி என்று ஒன்றை ஆரம்பித்தோம். என் வீட்டு வாசலில் இருக்கிற கரீத்தே மரத்துக்கு நிழல் பெரிசு, அதனால் என்னைத் தலைவனாக்கினார்கள். மற்றபடி நோபிலாவாகிய எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்ல வேண்டாம்.

தோயே சொன்னது ரொம்பப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. களத்துப் பதரை எரித்துவிடு, அதில்தான் புழு தூங்குகிறது. எரித்தோம். தீ வைப்பதென்றால் யாருக்குக் கசக்கும்? பருத்திக் காட்டுக்காரர்கள் விற்கிற விஷத்தை வாங்கி அடிக்காதே, பூவுக்குள் இருக்கிற புழுவுக்கு அது எட்டாது, வெளியே இருக்கிற சிலந்தியும் குளவியும்தான் சாகும். அதையும் கேட்டுக்கொண்டோம், விஷம் வாங்க வழியில்லை என்பதால். மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அங்கேதான் இடறியது.

எங்களிடம் இரண்டு விதை. பழைய விதையை எப்போது விதைத்தாலும் மழை முடிகிற தறுவாயில் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். புதிதாக வந்த குட்டைச் சோளம் அப்படியில்லை, விதைத்த நாளிலிருந்து எண்ணி அறுபதாம் நாள் பூத்துவிடும். அதை ஒருத்தன் முந்திப் போட்டால் அவன் வயல் முந்திப் பூக்கும். ஊரில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈயும் அங்கே போய்ப் பெருகும். பதினைந்து நாளைக்கு ஒரு தலைமுறை. பிறகு மற்றவர்கள் வயல் பூக்கும்போது ஈ பட்டாளமாக வந்து நிற்கும். அதனால் முதல் மழைக்குக் குட்டைச் சோளத்தை யாரும் தொடக் கூடாது. நான் சொல்கிற வாரத்தில்தான் எல்லாரும் போட வேண்டும், ஊர் மொத்தமும் பத்து நாளுக்குள் பூத்து முடிய வேண்டும் என்றாள் தோயே.

லாமூசா எழுந்தான். நாற்பது வயது, நெட்டை ஆள், ஊரிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான். தோயே வருகிற அன்று சும்மா இருக்கிறவன்கூட அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க வந்து உட்காருவான்.

"ஏ ஸாமோக்காரி, எங்க தாத்தன் இந்த மண்ணைக் கொத்தினப்போ உங்க தாத்தன் எங்க வீட்டுக் கழுதைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தான். நீ எனக்கு விதைக்க நாள் குறிக்கிறியா?"

"தண்ணி காட்டினது நெசந்தான்டா அடிமை. அந்தக் கழுதையைத்தானே ராத்திரியோட ராத்திரியா நீங்க தின்னு தீத்தீங்க."

மரத்தடி அதிர்ந்தது. லாமூசா விடவில்லை. அவளும் விடவில்லை. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். நடுவில் அவள் முகத்தை மாற்றிக்கொண்டு, இது கேலி இல்லடா, உங்க வயித்துச் சமாச்சாரம் என்றாள். அதற்கு இன்னும் சிரித்தோம். ஸாமோக்காரி முகத்தை மாற்றிக்கொண்டு பேசினால் அதுதானே பெரிய கேலி? நானும் சிரித்தேன். தலைவன் இல்லையா, எல்லாரையும்விடச் சத்தமாகவே சிரித்தேன்.

ஜூன் மாதம் பிறந்த மூன்றாம் நாள் நல்ல மழை. அடுத்த நாள் காலையில் லாமூசா ஓடைப் பள்ளத்தில் இருக்கிற தன் துண்டு நிலத்தில் குட்டைச் சோளத்தைப் போட்டுவிட்டான். போட்டதோடு நிற்காமல், சந்தைக்குப் போகிற ஒருவரிடம் தோயேவுக்குச் சேதியும் சொல்லி அனுப்பினான். உன் எஜமான் விதைச்சுட்டான், வந்து காவல் இரு என்று சேதி. அவள் வந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். நாலு வசவு வைதாள், இவன் ஆறு வைதான். ஜூன் மழை நம்பக்கூடிய மழை இல்லை, பதினைந்து நாள் காய்ந்தால் நாற்று தானாகப் போய்விடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். பிறகு என்னிடம் சொன்னாள். பள்ளத்து நிலம், ஈரம் இருந்தது. நாற்றின் குருத்தை அரிக்கிற குருத்து ஈகூட அதைத் தொடவில்லை. சில பேருக்குச் சனியன் பச்சையாகத்தான் வரும்.

நாங்கள் மற்றவர்கள் அவள் சொன்ன வாரத்தில் விதைத்தோம். நல்லபிள்ளைகள் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் மேட்டு நிலத்தில் அதற்கு முன்னால் ஈரம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டு முதல் வாரம், திங்கட்கிழமை. திங்கள்தோறும் பனி காய்கிற நேரத்தில் வயல் வயலாகப் போய்ப் பூச்சி எண்ணுவது வழக்கம். மற்ற வயல்களில் எண்ண இன்னும் ஒன்றும் இல்லை, பயிர் இடுப்பளவுதான். லாமூசாவின் துண்டில் கதிர் உச்சியிலிருந்து மஞ்சளாகப் பூ இறங்கிக்கொண்டிருந்தது. தோயே ஒரு பிளாஸ்டிக் பையைக் கதிருக்கு மேலே கவிழ்த்து, காம்பைப் பிடித்து உலுக்கினாள். பைக்குள் செம்மண் தூசி பறந்தது. உற்றுப் பார்த்தால் தூசிக்குக் கால் இருந்தது. முதல் கதிரில் ஐந்து, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் எட்டு. ஒரு பூவைக் கிள்ளி நகத்தில் வைத்து நசுக்கினாள், உள்ளே இருந்த புழு சிவப்பாகக் கசிந்தது.

கதிருக்கு ஒன்று இருந்தாலே கவலைப்பட வேண்டும் என்றாள். ஒரு ஈ ஒரே நாள்தான் உயிரோடு இருக்குமாம், அதற்குள் ஐம்பது அறுபது முட்டையைக் குத்திவிடுமாம். இவனுடைய துண்டுக்குச் சேதம் கொஞ்சம்தான். முந்திப் பூத்தவன் தப்பித்துக்கொள்வான், அவனுக்கு மணி கிடைக்கும். இரண்டு தலைமுறை கழித்து எங்கள் வயல்கள் பூக்கும்போது போன வருஷக் கதைதான். அவனுடைய மேட்டு வயலும் சேர்ந்து போகும்.

"இந்தக் கதிரை எல்லாம் பத்து நாளைக்குள்ள வெட்டிக் குழியில போட்டு மூடணும், நோபிலா" என்றாள்.

வெட்டணும் என்று சொல்லிவிடலாம். அந்தத் துண்டு நிலம் என்ன என்று எங்களுக்குத் தெரியும். லாமூசா வீட்டுக் களஞ்சியத்துக்குள் அவன் பெண்டாட்டி தலாத்தோ இறங்கி, துடைப்பத்தால் பெருக்கி மண்ணோடு வாரின தானியத்தையும் புடைத்துச் சமைத்தாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் அதே லட்சணம்தான், ஆனால் எல்லாரும் நவம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மனதைத் தயார் பண்ணியிருந்தோம். அவர்கள் வீட்டில் அப்படித் தயார் பண்ணவில்லை. இன்னும் இருபது நாளில் பாதி முற்றிய கதிரைச் சுட்டுத் தரலாம் என்று தலாத்தோ பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாள். விளையாட்டுக்கு விதைத்தது வீட்டுச் சோறாகியிருந்தது.

தோயே அன்றே அவனிடம் சொன்னாள். அவன் என்ன செய்வான், பாவம். ஸாமோக்காரி வந்து உன் பயிரை வெட்டு என்கிறாள். பத்து வருஷத்துக்கு வைத்துச் சொல்ல வேண்டிய கேலி அல்லவா அது? தோத்துட்டேன்னு வயிறெரியுதா என்றான். உன் நாய்க்குட்டிங்களுக்கு வேணும்னா ரெண்டு கதிர் தரேன் என்றான். அவள் ஆணையிட்டுச் சொன்னாள். ஸாமோ ஆணைக்கு என்ன மதிப்பு என்று கேட்டான். மூன்று நாள் தொடர்ந்து வந்தாள். மூன்று நாளும் ஊர் சிரித்தது.

நான்காம் நாள் என்னிடம் வந்து, நான் சொன்னா எடுபடாது, நீ சொல்லு என்றாள். நான் போனேன். லாமூசா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நேரே சொல்ல வாய் வரவில்லை. மழையைப் பற்றிப் பேசினேன், மாட்டைப் பற்றிப் பேசினேன், கடைசியில் ஈயைப் பற்றிப் பேசினேன். அவளா அனுப்பினாள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, நானாக வந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கயிற்றைத் திரித்தான். உள்ளேயிருந்து தலாத்தோதான் வெளியே வந்தாள். அவளுக்கு இது கேலி இல்லை என்று புரிந்திருந்தது.

"வெட்டிட்டா நாங்க எதைத் திங்கறது?" என்று கேட்டாள்.

மறுநாள் மரத்தடியில் ஆண்களைக் கூட்டினேன். ஒவ்வொருவராக வயலுக்குக் கூட்டிப்போய்ப் பையை உலுக்கிக் காட்டினேன். செம்மண் தூசியைப் பார்த்தபிறகு யாரும் சிரிக்கவில்லை. லாமூசா வீட்டுக்கு அறுவடை வரைக்கும் வீட்டுக்கு வீடு வாரம் ஒரு படி தருவதென்று பேசி முடித்தோம். நான் தலைவன், இரண்டு படி என்றேன். கொடுக்க வேண்டியது நாளைக்குத்தானே, இன்றைக்குச் சொல்வதற்கு என்ன? கையைத் தூக்கியவர்களில் பாதிப்பேர் வீட்டில் களஞ்சியக் கதவைத் திறந்தால் எலிகூட வெளியே போய்விட்ட நிலைமை. அது எல்லாருக்கும் தெரியும், லாமூசாவுக்கும் தெரியும். போய்ச் சொன்னபோது, உங்க களஞ்சியத்தை எல்லாம் நானும்தான் பாத்திருக்கேன் என்றான். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் தோயே வந்தாள். மோட்டார் சைக்கிளை ஓடைக்கரையில் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். லாமூசாவின் சோளத்துக்குள் நடந்துபோய், நடுவில், இரண்டு பயிர்வரிசைக்கு இடையில் மல்லாந்து படுத்தாள். வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஊர் மொத்தமும் வரப்பில் நின்றது. லாமூசா மண்வெட்டியும் கையுமாக வந்தான். பார்த்தவுடனே அவனுக்குக் குஷி தாங்கவில்லை.

"செத்துட்டியாடி அடிமை? நல்லதாப் போச்சு. ஊர் நாயெல்லாம் இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கும்."

அவள் பேசவில்லை. செத்தவள் எப்படிப் பேசுவாள்? அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். எழுந்திருக்கவில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கிற கோலாக் கொட்டை இரண்டு வைத்தான். எழுந்திருக்கவில்லை. ஊர் சிரிக்கிறது. அவன் வீட்டுக்குப் போய்க் கோழியைக் கொண்டுவந்தான், காலைக் கட்டி அவள் தலைமாட்டில் வைத்தான். இருந்தது அந்த ஒரு கோழிதான். கோழிக்கு எழுந்திருக்காத ஸாமோவை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வெயில் ஏறியது. ஆகஸ்டு வெயில், மழைக்கு இடையில் அடிக்கிற வெயில், மண்ணிலிருந்து ஆவி வரும். அவள் முகத்துத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கு மேலே பூத்த கதிர்களில் தூசி பறந்துகொண்டிருந்தது, வரப்பில் நின்ற எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. சிலர் போய்விட்டார்கள். நான் நின்றேன். தலாத்தோ இடுப்பில் சின்னவளோடு நின்றாள். லாமூசா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தோயேவின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

உச்சிப்பொழுது சாய்கிற நேரத்தில் வாயைத் திறந்தான்.

"என்ன வேணும், சொல்லு."

"இந்தக் கதிரு" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"எத்தனை?"

"எல்லாம்."

"கேலிதானே?"

அவள் துணியை எடுத்தாள். முகம் வெந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. "இல்ல, லாமூசா" என்றாள். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குடுத்துராதே" என்றாள் தலாத்தோ. ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான் சொன்னாள். வயலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

அவனுக்கும் கேட்டது. பெண்டாட்டி முகத்தை அவன் பார்க்கவில்லை. நாங்கள் ஊர்கூடிப் பேசினபோது அவன் கொடுக்கவில்லை. இரண்டு படி தருகிறேன் என்றபோது கொடுக்கவில்லை. படுத்த ஸாமோ கேட்டால் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அவன் தாத்தனுக்கும் தெரிந்திருக்காது. எழுந்து இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்தான். முதல் கதிரைத் தானே வெட்டி, தோயேவின் கையில் கொடுத்தான். பிறகு வெட்டிக்கொண்டே போனான். நாங்களும் இறங்கினோம். பொழுது இறங்குவதற்குள் ஒரு கதிர் நிற்கவில்லை. ஓடைக்கரையில் குழி வெட்டி, கதிரைக் கொட்டி, முழங்கை ஆழத்துக்கு மண் போட்டு மிதித்தோம். தட்டையை வாடவைத்து ஃபுலானி மாட்டுக்காரருக்குக் கொடுத்தோம். குழியை மிதிக்கும்போது லாமூசா ஏதோ வேடிக்கை சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அடுத்த வாரமே தோயேவை மேலிடத்திலிருந்து வடக்கே அனுப்பிவிட்டார்கள், வெட்டுக்கிளி பார்க்க. அறுவடைக்கு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். லாமூசா வீட்டைப் பார்த்துக்கோ என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் வாரம் படிகள் வந்தன. எல்லாம் இல்லை, முக்கால்வாசி. இரண்டாம் வாரம் பாதி. மூன்றாம் வாரம் இரண்டு வீடு. நான் முதல் வாரம் இரண்டு படி கொடுத்தேன், அடுத்த வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் என் பெண்டாட்டி களஞ்சியத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்குத் தலைவன்னா ஊருக்குச் சமைச்சுப் போடு, என் பிள்ளைக்கு எதைப் போடறது என்றாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு லாமூசா வீட்டுப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

செப்டம்பர் நடுவில் தலாத்தோ இரண்டு பிள்ளைகளையும் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பகலில்தான் போனாள், எல்லாரும் பார்த்தோம். வெள்ளாமை நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பாட்டுக்காகப் பிறந்த வீட்டுக்குப் போனால் அந்தப் புருஷனுக்கு அதற்குமேல் எங்கள் பக்கத்தில் அவமானம் கிடையாது. லாமூசா வண்டியோடு ஊர் எல்லைவரை நடந்துபோய்விட்டுத் திரும்பினான்.

அவன் திங்கட்கிழமை எண்ணிக்கையை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. எல்லார் வயலும் பூத்திருந்தது. பையை அவன்தான் பிடிப்பான், எங்கள் எல்லாரையும்விடக் கண் கூர்மை. பத்துக் கதிரை உலுக்கினால் ஒன்று இருக்கும், இரண்டு இருக்கும், சில வயலில் ஒன்றும் இருக்காது. எண்ணைச் சத்தமாகச் சொல்வான், நான் தரையில் குச்சியால் கோடு கிழிப்பேன். எங்களோடு பழையபடிதான் பேசினான், சிரித்தான். படி வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பரில் அறுத்தோம். என் வாழ்நாளில் அப்படிக் கனத்த கதிரைச் சுமந்ததில்லை. பெண்கள் பாடிக்கொண்டே உதறினார்கள், களம் வெள்ளையாக மேடு தட்டியது. லாமூசாவின் மேட்டு வயலும் அப்படித்தான், பழைய விதை, மணி மணியாக. அவன் ஒருத்தனாகவே அறுத்துச் சுமந்தான். நடுவில் இரண்டு முறை மாமனார் ஊருக்குப் போய்வந்தான். அந்தக் கிழவன், சோறு இருக்கிற வீட்டில் அவர்கள் இருக்கட்டும், அடுத்த மழை வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். மாமனாரும் மனிதன்தானே, மகள் வண்டியிலிருந்து இறங்கியபோது எப்படி இருந்தாளோ.

தோயே களத்துக்கு வந்தாள். தூரத்திலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாள். வடக்கே வெயிலில் கறுத்துப் போயிருந்தாள், ஆனால் களத்து மேட்டைப் பார்த்து அவள் முகம் விரிந்ததே, அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் வைதுகொண்டே வந்தாள். லாமூசா தன் குவியல் பக்கத்தில் நின்றான். அவனைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடேய் அடிமை. எஜமானி வந்திருக்கேன், நிமிர்ந்து நிக்கிறியே, முதுகு வலிக்கலையா? இத்தனை சோளத்தையும் எங்கடா திருடினே?"

நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தோம். அவன் போய்க் கோரைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து நிழலில் விரித்தான். குடுக்கையில் தண்ணீர் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து நீட்டினான்.

"வாங்க. உக்காருங்க. தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. வீட்ல எல்லாரும் சுகமா?"

அவள் சிரித்தாள். இதுவும் அவன் கேலியில் ஒரு தினுசு என்று நினைத்துவிட்டாள். "எங்கடா உன் பெண்டாட்டி? உன் மூஞ்சியப் பாத்துச் சலிச்சுப்போய் ஓடிட்டாளா?" என்றாள்.

ஐயோ, என்று இருந்தது எனக்கு. வாயை மூடு என்று கையைக் காட்டலாம் என்றால் கை வரவில்லை.

"அவங்க அப்பா வீட்டுல இருக்காங்க. பிள்ளைங்களும் அங்கதான்" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. "செப்டம்பர்ல போனாங்க. நல்லா இருக்காங்களாம்."

தோயே என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் தரையில் என்னவோ வேலை இருந்தது. அவள் புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி, ரொம்ப நேரம் ஆகவில்லை.

"லாமூசா" என்றாள். "என்னை வைய்யி. நாய்த்தலை தின்னின்னு சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு."

"உங்களை எதுக்குங்க வையணும்? நீங்க சொன்னது சரியாத்தானே இருந்துச்சு" என்றான். தண்ணீரை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் பாயில் உட்கார்ந்தாள். குடுக்கையை வாங்கிக் குடித்தாள். வேறு ஊரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி, சிந்தாமல், மெதுவாகக் குடித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. லாமூசா ஒரு கூடைச் சோளத்தை அவள் வண்டியில் கட்டிவிட்டு, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் குவியலுக்குத் திரும்பினான்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. தோயே இன்னும் வருகிறாள். மரத்தடியில் நின்று விதைக்கிற வாரத்தைச் சொல்கிறாள். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டுகிறோம், அவள் சொன்ன வாரத்தில் விதைக்கிறோம். யாரும் சிரிப்பதில்லை.